தேதிகள் காட்டிக்கொடுத்த நீல்

1857 கலகத்தை அடக்கிய கும்பினி அதிகாரிகளில் ஜேம்ஸ் ஜார்ஜ் ஸ்மித் நீல் பெயரை எடுத்ததுமே, அவருக்காக வாதாடுகிறவர்கள் கான்பூரைக் கொண்டுவந்து முன்னால் நிறுத்துவார்கள். அந்த ஊரில் பீபிகர் என்ற வீட்டில் அடைத்து வைக்கப்பட்டிருந்த ஏறத்தாழ 200 ஆங்கிலேயப் பெண்களும் குழந்தைகளும் 1857 ஜூலை 15 அன்று வெட்டிக் கொல்லப்பட்டார்கள். உடல்களைப் பக்கத்துக் கிணற்றில் தள்ளினார்கள். அந்த வீட்டுத் தரையின் ரத்தத்தைப் பார்த்தவனுக்குப் புத்தி எப்படி நிலையில் நிற்கும், பார்த்தவன் பழி வாங்காமல் எப்படி இருப்பான் என்பது வாதம். கேட்கும்போது மனம் இளகத்தான் செய்கிறது. ஆனால் நீல் கான்பூருக்கு வந்து சேர்ந்தது ஜூலை 20. அவருடைய பெயரைக் கெடுத்த தூக்குமரங்கள் காசியில் எழுந்தது ஜூன் முதல் பாதியில், அலகாபாத்தில் அதை ஒட்டி. பீபிகர் கொலை நடப்பதற்கு ஒரு மாதம் முன்பே கங்கைக் கரை ஊர்களில் ஆட்கள் மாமரக் கிளைகளில் தொங்கிக்கொண்டிருந்தார்கள். நடக்காத கொலைக்கு யாரும் பழி வாங்க முடியாது. அப்படியானால் நீல் செய்தது என்ன? ஆத்திரத்தில் கை மீறிப்போன செயல் அல்ல அது. யோசித்து, தாளில் எழுதி, கீழதிகாரியின் கையில் கொடுத்து, நிதானமாக நடத்திய காரியம். அதைச் செய்தவரைத் தண்டிக்க அரசுக்குத் தோன்றவில்லை, சிலை வைக்கத் தோன்றியது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் நீல் யார் என்பது விளங்கும்.

ஸ்காட்லாந்தின் அயர் நகரத்துக்காரர் அவர், 1810-ல் பிறந்தவர். பதினேழு வயதில் கிழக்கிந்தியக் கும்பினிப் படையில் சேர்ந்து சென்னைக்கு வந்தார். அவர் சேர்ந்த படைப்பிரிவு பின்னாளில் மதராஸ் ஃபியூசிலியர்ஸ் என்று பெயர் பெற்றது. பெயரில் மதராஸ் இருந்தாலும் அது முழுக்க ஐரோப்பியச் சிப்பாய்களின் படை. தமிழர்களும் தெலுங்கர்களும் நிறைந்த மதராஸ் சுதேசிப் படைகள் வேறு. அந்தப் படைப்பிரிவின் வரலாற்றை நீலே புத்தகமாக எழுதியிருக்கிறார், ஆகவே எழுத்தும் கணக்கும் தெரிந்த அதிகாரிதான். 1852-ல் பர்மாப் போருக்குப் போனார், பிறகு கிரிமியப் போர்க் காலத்தில் துருக்கியப் படைகளோடு வேலை பார்த்தார். மீரட்டில் சிப்பாய்கள் எழுந்த செய்தி வந்ததும் 1857 மே மாதம் தம் படையோடு சென்னையிலிருந்து கப்பலேறிக் கல்கத்தா போனார். ஹவுரா ரயில் நிலையத்தில் நடந்த ஒரு சம்பவத்தை அவரைப் போற்றியவர்கள் எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். ஆட்கள் வந்து சேரச் சற்றுத் தாமதமானது. ரயில் நேரத்துக்குப் புறப்படும் என்றார்கள் ரயில்வேக்காரர்கள். நீல் அவர்களைக் காவலில் வைத்துவிட்டு, கடைசி ஆள் ஏறும்வரை ரயிலைப் பிடித்து நிறுத்தினார். காரியம் முடிக்கிறவர் என்பதற்கு அத்தாட்சியாக இதைச் சொல்வார்கள். எனக்கு இதில் வேறொன்று தெரிகிறது. தம் நோக்கத்துக்குக் குறுக்கே வருகிற எவரையும், அவர் தம் பக்கத்து வெள்ளைக்காரராகவே இருந்தாலும், குற்றவாளியாக நடத்தக் கொஞ்சமும் தயங்காத மனிதர் அவர். அந்தக் குணம் கையில் தூக்குக்கயிறு வந்தபோது என்ன செய்தது என்பதுதான் மிச்சக் கதை.

ஜூன் 3-ம் தேதி வாக்கில் காசிக்கு வந்தார். அங்கே இருந்த 37-வது சுதேசிக் காலாட்படையின் ஆயுதங்களைப் பறிப்பது என்று முடிவாகியிருந்தது. மறுநாள் பொழுது சாயும் நேரத்தில், காலையில் செய்ய வேண்டியதை அவசர அவசரமாகச் செய்தார்கள். துப்பாக்கிகளை வைத்துவிடும்படி சொல்லிக்கொண்டிருக்கும்போதே வெள்ளைக்காரச் சிப்பாய்கள் நெருங்கி வருவதைப் பார்த்த சுதேசிச் சிப்பாய்கள் தங்களைச் சுடத்தான் வருகிறார்கள் என்று பயந்துபோனார்கள். வேட்டு கிளம்பியது. அந்தக் குழப்பத்தில், அதுவரை ஆங்கிலேயர் பக்கம் நின்ற லூதியானா சீக்கியப் படைமீதும் பீரங்கி திரும்பிவிட்டது. பெரிய அதிகாரியான பொன்சன்பி வெயிலில் சோர்ந்து விழ, நீல் பொறுப்பை எடுத்துக்கொண்டார். நடந்த காரியம் சொதப்பல் என்று காசியிலிருந்த சிவில் அதிகாரிகளே எழுதினார்கள். அடுத்த சில நாட்களில் ராணுவச் சட்டம் வந்தது. விசாரணையைச் சுருக்கி உடனே தண்டிக்கும் அதிகாரத்தைக் கல்கத்தா அரசே மே, ஜூன் மாதங்களில் சட்டமாகப் போட்டுக் கொடுத்திருந்ததால், தூக்கிலிடுவோருக்குத் தடை எதுவும் இல்லை. சுற்றுக் கிராமங்களுக்குத் தாமாக முன்வந்து தூக்குப்போடப் போன வெள்ளைக்காரக் கூட்டங்களைப் பற்றி, கலகத்தின் வரலாற்றை விரிவாக எழுதிய ஜான் கேய் சொல்கிறார். மாமரமே தூக்குமரம், யானை முதுகிலிருந்து தள்ளிவிடுவது முறை, தொங்கும் உடல்களை எட்டு என்ற எண்ணின் வடிவில் கட்டி அழகு பார்த்தவர்களும் உண்டு. கலகக்காரரின் கொடியை விளையாட்டாகப் பிடித்துத் தப்பட்டை அடித்துக்கொண்டு போன சிறுவர்களுக்கும் மரண தண்டனை விதித்தார்கள். தண்டித்த குழுவிலிருந்த ஓர் அதிகாரியே கண்ணீரோடு போய்ப் பையன்களை விட்டுவிடும்படி கேட்டும் பயனில்லை. கேய் இந்தியர் பக்கத்து ஆள் அல்ல, இந்திய அமைச்சக அலுவலகத்தில் உயர் பதவியில் இருந்த ஆங்கிலேயர் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஜூன் 11-ல் நீல் அலகாபாத்தை அடைந்தார். கங்கையும் யமுனையும் கூடுமிடத்தில் அக்பர் கட்டிய கோட்டை இன்னும் ஆங்கிலேயர் கையில் இருந்தது. நகரம் மௌல்வி லியாகத் அலியின் கையில். நீல் வந்த மறுநாளே தாராகஞ்சைப் பீரங்கியால் தாக்கிப் படகுப் பாலத்தை மீட்டார். ஒரு வாரத்துக்குள் நகரமும் அடங்கியது. லியாகத் அலி தப்பிப் போனார். ராணுவக் கண்ணால் பார்த்தால் இது திறமையான வேலை, மறுக்க வேண்டியதில்லை. கோட்டைக்குள் கொள்ளைச் சாராயம் குடித்துக் கட்டுப்பாடிழந்த சிப்பாய்களையும் ஒழுங்குக்குக் கொண்டுவந்தார். ஆனால் எதிர்ப்பு அடங்கிய பிறகுதான் அலகாபாத்தில் கொலை பெருகியது. நகரத்திலும் சுற்றுக் கிராமங்களிலும் ஆண்களைப் பிடித்துத் தூக்கிலிட்டார்கள், ஊர்களுக்குத் தீ வைத்தார்கள். சில ஆண்டுகளுக்குப் பிறகு வட இந்தியாவில் பயணம் செய்த வங்காளி எழுத்தாளர் போலாநாத் சந்தர், மூன்று மாதம் நாள்தோறும் எட்டு வண்டிகள் காலை முதல் மாலைவரை பிணம் ஏற்றிப் போனதாகவும் 6,000 பேர் மாண்டதாகவும் தம் பயண நூலில் குறித்தார். அந்த எண்ணிக்கை காதில் விழுந்த பேச்சு, கணக்கெடுப்பு அல்ல. அதை நம்பி வாதம் கட்ட நான் விரும்பவில்லை. கட்டவும் அவசியமில்லை. நீலின் சொந்த நாட்குறிப்பே இருக்கிறது. தாம் கடுமையாக நடந்துகொண்டது தெரியும் என்றும், எல்லாம் தேசத்தின் நன்மைக்குச் செய்தது என்பதால் கடவுள் மன்னிப்பார் என்றும் அதே ஜூன் மாதம் அவர் எழுதி வைத்தார். புத்தி பேதலித்தவர் இப்படி எழுதுவதில்லை. செய்வது இன்னதென்று தெரிந்து, அதற்கு மேலிடத்து அனுமதியையும் தானே வாங்கிக்கொண்டவர் எழுதுவது இது.

இதைவிட வலுவான சாட்சி ஜூன் கடைசியில் அவர் மேஜர் ரெனோவுக்குக் கொடுத்த எழுத்து உத்தரவு. கான்பூரில் முற்றுகையில் சிக்கியிருந்த ஜெனரல் வீலருக்கு உதவ, சுமார் 400 ஐரோப்பியரும் 300 சீக்கியரும் கொஞ்சம் குதிரைப்படையும் கொண்ட முன்னணிப் படையை ரெனோ நடத்திப் போனார். வழியிலுள்ள எந்தெந்த ஊர்களை அழிப்பது என்று பெயர் சொல்லி அந்தத் தாளில் குறித்திருந்தது. அவற்றில் ஆண்கள் எல்லோரையும் கொன்றுவிட வேண்டும். கலகம் செய்த படைகளைச் சேர்ந்த சிப்பாய் எவனாவது கையில் சீட்டு இல்லாமல் அகப்பட்டு, தான் யார் என்பதற்குச் சரியான விளக்கம் சொல்ல முடியாவிட்டால் உடனே தூக்கு. ஃபதேபூரில் பட்டாணியர் குடியிருப்பைத் தாக்கி உள்ளே இருப்பவர்களை அடியோடு ஒழிக்க வேண்டும். அந்த ஊர் டெபுடி கலெக்டர் அகப்பட்டால் தூக்கிலிட்டு, தலையை வெட்டி, முஸ்லிம்களின் முக்கியக் கட்டிடம் ஒன்றில் குத்தி வைக்க வேண்டும். தலைவர்களின் தலைக்கு மட்டும் விலை பேசும் உத்தரவு அல்ல இது. ஓர் ஊரில் பிறந்ததும் ஒரு குடியிருப்பில் வசிப்பதுமே மரண தண்டனைக்குப் போதும் என்கிற உத்தரவு. வீலரின் படை சதிசௌரா படித்துறையில் படகேறும்போது தாக்கப்பட்டு அழிந்தது ஜூன் 27-ல். அந்தச் செய்தி அலகாபாத்துக்கு வந்து சேரும் முன்பே ரெனோ இந்தத் தாளோடு புறப்பட்டுவிட்டார். வீலர் உயிரோடிருக்கிறார், போய்க் காப்பாற்றலாம் என்று நம்பிக்கொண்டே எழுதிய உத்தரவு இது.

ரெனோ அதை எப்படி நிறைவேற்றினார் என்பது லண்டன் டைம்ஸ் நிருபர் வில்லியம் ஹோவர்ட் ரஸ்ஸல் எழுதிய இந்திய நாட்குறிப்பில் இருக்கிறது. அந்தப் படையோடு போன ஓர் அதிகாரியே அவரிடம் சொன்னதாம்: இரண்டு நாளில் சாலையோரத்தில் 42 பேரைத் தொங்கவிட்டார்கள், படை வரும்போது முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார்கள் என்பதற்காக மட்டும் 12 பேரைக் கொன்றார்கள், படை தங்கிய இடமெல்லாம் முன்னாலிருந்த ஊர்களுக்குத் தீ. இந்தக் கொடுமைகளுக்குக் கான்பூரைக் காரணம் சொல்ல முடியாது, இவை அதற்கு முந்தியவை என்று ரஸ்ஸல் அப்போதே எழுதிவிட்டார். 1860-ல் லண்டனில் அச்சான புத்தகம் அது. தேதிகளை ஒப்பிட்டுப் பார்க்க இன்றைய ஆராய்ச்சியாளன் எவனும் வரவேண்டியிருக்கவில்லை.

கான்பூருக்கு முன்பும் வெள்ளைக்காரர்கள் கொல்லப்பட்டார்களே என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. மே 10, 11 தேதிகளில் மீரட்டிலும் டில்லியிலும் ஆண், பெண், குழந்தை என்று பாராமல் கொலை நடந்தது. அலகாபாத்திலேயே ஜூன் 6 இரவு 6-வது சுதேசிக் காலாட்படை எழுந்தபோது, இங்கிலாந்திலிருந்து அப்போதுதான் வந்திருந்த பால் மணம் மாறாத இளம் அதிகாரிகளைக் கொன்றார்கள். இதையெல்லாம் மூடிமறைத்து நீலைக் குற்றஞ்சாட்டுவது வரலாறு ஆகாது. ஆனால் அந்த 6-வது படையின் கதையைச் சற்று முன்னாலிருந்து பார்க்க வேண்டும். டில்லிக் கலகக்காரரை எதிர்த்துப் போரிடத் தாங்களே போகிறோம் என்று விண்ணப்பித்த படை அது. அந்த விசுவாசத்துக்குக் கவர்னர் ஜெனரலின் நன்றியை அணிவகுப்பில் வாசித்ததும் அதே ஜூன் 6-ம் தேதிதான். இடையில் காசிச் செய்தி வந்துவிட்டது: ஆயுதத்தைக் கீழே வைத்தவர்களைச் சுட்டார்கள், விசுவாசமான சீக்கியரையும் சுட்டார்கள் என்று. ஜான்பூரில் இருந்த லூதியானாச் சீக்கியர் பிரிவு ஜூன் 5-ல் எழுந்ததும் காசிச் செய்தி கேட்டுத்தான். 6-வது படை காசி நடக்காவிட்டால் அமைதியாகவே இருந்திருக்கும் என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனால் விசுவாசமாக இருந்தாலும் சாவுதான் என்ற எண்ணத்தைச் சிப்பாய்களிடம் விதைத்தது யார் என்று கேட்காமல், அந்த இளைஞர்களின் கொலையை நீலுக்கு ஆதரவாக எடுத்துக்காட்டுவது பாதிக் கதை.

அடுத்த வாதம் கொஞ்சம் கனமானது: கொடுமையோ இல்லையோ, பலன் கிடைத்தது, விரல்விட்டு எண்ணக்கூடிய படையை வைத்துக்கொண்டு கடல்போன்ற பகை நாட்டை அடக்கப் பயமுறுத்தல் தவிர வழியில்லை. அலகாபாத் கோட்டை போயிருந்தால் கங்கைச் சமவெளியே கைவிட்டுப் போயிருக்கும் என்பது உண்மை. கோட்டையைக் காத்தது பீரங்கியும் துணிச்சலான தாக்குதலும். அதற்குப் பிந்திய தூக்குகள் என்ன கொண்டுவந்தன என்று பார்க்க வேண்டும். அந்தக் காலப் படை ஆயிரம் பேர் நகர்ந்தால் அதைவிட அதிகமான வண்டிக்காரர்கள், மாடுகள், சுமைகூலிகள், பல்லக்குத் தூக்கிகள், மாவு விற்கும் பனியாக்கள் கூடவே நகர வேண்டும். அலகாபாத்தில் ஊரே பயந்து ஓடிவிட்டிருந்தது. கடைகள் இல்லை, ஒப்பந்தக்காரர்கள் இல்லை, வண்டிமாடு கிடைக்கவில்லை. போதாததற்குக் காலரா புகுந்து ஃபியூசிலியர்ஸ் சிப்பாய்களை அள்ளிக்கொண்டு போனது. கான்பூர் அங்கிருந்து சுமார் 200 கிலோமீட்டர். வீலர் நாளை எண்ணிக்கொண்டிருந்த நேரத்தில் நீலின் படை வண்டிக்காகக் காத்துக்கிடந்தது. தாமதம் முழுவதையும் தூக்குமரங்களின் தலையில் கட்டுவது மிகை. ஆனால் பயமுறுத்தல் காரியத்தை விரைவுபடுத்தியது என்று சொல்ல ஆதாரம் ஏதும் இல்லை, தடுத்தது என்பதற்கு இருக்கிறது. ரஸ்ஸலிடம் பேசிய அந்த அதிகாரி ரெனோவிடமே இதைச் சொல்லி வாதாடியிருக்கிறார்: இப்படியே போனால் கிராமங்கள் காலியாகிவிடும், படைக்குச் சோறு கிடைக்காது. தர்ம நியாயம் பேசவில்லை அவர். கட்டுச்சோற்றுக் கணக்குத்தான் பேசினார்.

ஜூலை 20-ல் நீல் கான்பூர் போய்ச் சேர்ந்தார். அதற்கு முன்பே ஜெனரல் ஹேவ்லாக் வந்து மேல் பொறுப்பை எடுத்திருந்தார். பீபிகரை நீல் பார்த்தார். ஜூலை 25-ல் உத்தரவு போட்டார். கலகக்காரன் என்று தண்டிக்கப்பட்ட ஒவ்வொருவனும் தூக்குக்குப் போகும் முன் அந்த வீட்டு ரத்தக்கறையில் ஒரு பகுதியைத் தன் கையால் துடைத்துச் சுத்தம் செய்ய வேண்டும். மறுத்தால் தோட்டியின் கையால் சவுக்கடி. முதலில் பிடிபட்டவர்களில் ஒரு பிராமண சுபேதார், அடிபட்டுத் துடைத்தார். ஒரு முஸ்லிம் அதிகாரியை நாக்கால் நக்க வைத்தார்கள். இதை நீலே தம் கடிதத்தில் எழுதியிருக்கிறார். சாதி போகட்டும், செத்த பிறகும் அவமானம் தொடரட்டும் என்பதே நோக்கம் என்பதையும் அவர் மறைக்கவில்லை. இவர்கள் பீபிகர் கொலையில் கை வைத்தவர்கள்தானா என்ற கேள்வி அவருக்குப் பெரிதாகப் படவில்லை. பீபிகரில் காவலிருந்த சிப்பாய்கள் பெண்களைச் சுட மறுத்துவிட்டார்கள், கசாப்புக்காரர்கள் உள்ளிட்ட சிலரைக் கூட்டி வந்துதான் அந்தக் காரியத்தை முடித்தார்கள் என்பது அந்தக் கொலையைப் பற்றிய சாட்சியங்களிலிருந்தே தெரிகிறது. நீலின் உத்தரவுக்கு அந்த வேற்றுமை தேவைப்படவில்லை. இந்தத் தண்டனையில் இன்னொருவருக்கும் அவமானம் இருக்கிறது, அதை யாரும் எழுதியதாக நான் பார்க்கவில்லை: தோட்டியின் கை பட்டாலே தண்டனை என்று உத்தரவு சொன்னபோது, அந்தத் தோட்டியும் ஒரு மனிதன் என்பது கும்பினி அதிகாரிக்கும் நினைவில்லை, சுபேதாருக்கும் நினைவில்லை. சாதியைக் காட்டுமிராண்டித்தனம் என்று ஏளனம் செய்த ஆட்சி, வசதியான வேளையில் அதையே சவுக்காக எடுத்துக்கொண்டது.

அந்தக் காலத்து மனிதரை அந்தக் காலத்து அளவுகோலால்தான் அளக்க வேண்டும் என்பார்கள். நல்லது, அப்படியே அளப்போம். தாம் இருக்கும் இடத்தில் நீலுக்கு ஓர் உத்தரவு போடக்கூட உரிமை இல்லை என்று முகத்துக்கு நேரே சொன்னவர் ஹேவ்லாக்; கண்டிப்பான பக்தர், இளகிய மனசுக்காரர் என்று யாரும் அவரைச் சொன்னதில்லை. அவர்களுக்குள் பதவிப் பொறாமையும் இருந்தது என்பதைக் கழித்துவிட்டே இதை எடுத்துக்கொள்ளலாம். நவம்பரில் கான்பூர் வந்த தலைமைத் தளபதி காலின் காம்ப்பெல், கறை துடைக்க வைக்கும் வழக்கத்தை ஆங்கிலப் பெயருக்கே தகாதது என்று நிறுத்தினார். கவர்னர் ஜெனரல் கானிங் ஜூலை 31-ல் வெளியிட்ட தீர்மானம், ஆயுதமில்லாமல் பிடிபடும் சிப்பாய்களை விசாரிக்காமல் தொங்கவிடுவதையும் ஊர்களை மனம்போனபடி கொளுத்துவதையும் தடுக்கப் பார்த்தது. அதற்காகக் கல்கத்தாவிலும் லண்டனிலும் இருந்த ஆங்கிலேயர்கள் அவரைக் ‘கருணை கானிங்’ என்று கேலி செய்தார்கள். கடுஞ்சட்டங்களில் கையெழுத்துப் போட்டவரும் அதே கானிங்தான், ஆகையால் அவரைப் புனிதர் ஆக்க வேண்டாம். ஆனால் செப்டம்பர் 25-ம் தேதி விக்டோரியா ராணிக்கு எழுதிய கடிதத்தில், வெறிபிடித்த பழியுணர்ச்சி நல்லவர்களிடமும் பரவியிருப்பதைக் கண்டு வெட்கப்படுவதாக அவர் சொல்லியிருக்கிறார். அதே செப்டம்பர் 25 அன்று லக்னோவில் ரெசிடென்சியை மீட்கப் போன படையோடு நுழைந்த நீல், வளைவு ஒன்றின் மேலிருந்து சிப்பாய் சுட்ட குண்டு தலையில் பாய்ந்து இறந்தார். ஆக, அந்தக் காலத்து அளவுகோல் ஒன்றல்ல, இரண்டு இருந்தன. எதை எடுப்பது என்ற தேர்வு அவர்கள் முன்னால் இருந்தது. நீல் எடுத்தது எது என்பதும், சமூகம் யாரைக் கேலி செய்து யாருக்குச் சிலை வைத்தது என்பதும் பதிவாகியிருக்கின்றன.

நீலை ஓர் அபூர்வ அரக்கனாகக் காட்டுவதும் எனக்கு உடன்பாடில்லை. அது பழியை ஒரு பிணத்தின்மேல் போட்டுவிட்டு ஆட்சியை விடுதலை செய்யும் வழி. ஆகஸ்ட் முதல் தேதி பஞ்சாபின் அஜ்னாலாவில், ஏற்கெனவே ஆயுதம் பறிக்கப்பட்டிருந்த 26-வது சுதேசிப் படைச் சிப்பாய்களைப் பத்துப் பத்துப் பேராகச் சுட்டவர் ஃபிரெடரிக் கூப்பர் என்ற சிவில் அதிகாரி. 237 பேர் குண்டுக்கும், 45 பேர் அடைத்து வைத்த அறையில் மூச்சுத் திணறியும் செத்தார்கள். அதைத் தாமே பெருமையாகப் புத்தகத்தில் எழுதினார். செப்டம்பரில் டில்லியில் சரணடைந்த முகலாய இளவரசர்களைக் கையாலேயே சுட்டவர் ஹாட்ஸன். இவர்களில் ஒருவரும் விசாரணைக் கூண்டில் ஏறவில்லை. நீலின் மனைவிக்கு, கணவர் உயிரோடிருந்து சர் பட்டம் பெற்றிருந்தால் என்ன அந்தஸ்து கிடைக்குமோ அதை ராணி வழங்கினார். கானிங்கின் வெட்கத்தில் தாமும் பங்குகொள்வதாகப் பதில் எழுதிய அதே ராணி. லண்டன் சிற்பி மேத்யூ நோபல் வடித்த நீலின் வெண்கலச் சிலை அயர் நகரத்தில் எழுந்தது. இன்னொன்றைச் சென்னைக்குக் கொண்டுவந்து மவுண்ட் ரோட்டில் ஸ்பென்சர் அருகே நிறுத்தினார்கள். வங்காளத்தில் பொங்கிய கலக வெள்ளத்துக்கு முதல் அணை போட்டவர் என்று பீடத்தில் புகழ் பொறித்தார்கள். ரஸ்ஸலின் புத்தகம் லண்டன் கடைகளில் விற்றுக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் இது நடந்தது. தெரியாமல் வைத்த சிலை என்று யாரும் சமாதானம் சொல்ல முடியாது.

இப்படி மரியாதை செய்வதால் என்ன விளையும் என்பதற்கு 1919 அமிர்தசரஸ் பதில் சொல்கிறது. ஜாலியன்வாலா பாக்கில் சுட்டது கூட்டத்தைக் கலைக்க மட்டுமல்ல, பஞ்சாப் முழுவதற்கும் ஒரு பாடம் கற்பிக்க என்று சுட உத்தரவிட்ட ஜெனரல் டயர், அதை விசாரித்த ஹண்டர் குழுவின் முன் கூறினார். ஆங்கிலேயப் பெண் ஒருவர் தாக்கப்பட்ட சந்தில் இந்தியர்கள் வயிற்றால் ஊர்ந்துதான் போக வேண்டும் என்ற அவருடைய உத்தரவையும் கான்பூர் உத்தரவையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். குற்றம் செய்தவன் யார் என்பது இரண்டிலும் பொருட்டில்லை. குற்றம் நடந்த இடத்தை வைத்து ஓர் இனத்தையே மண்டியிட வைப்பது நோக்கம். டயரின் பதவி போனது உண்மை. ஆனால் மார்னிங் போஸ்ட் பத்திரிகை திரட்டிய நிதியில் 26,000 பவுனுக்கு மேல் அவருக்குக் கிடைத்தது.

ஆகவே 1927-ல் சென்னையில் நீல் சிலையை அகற்றக் கோரி சத்தியாக்கிரகம் தொடங்கியபோது, எழுபது ஆண்டுப் பழைய புண்ணை ஏன் கிளறுகிறீர்கள் என்று கேட்டவர்களுக்குப் பதில் பஞ்சாபிலேயே இருந்தது. புண் ஆறவில்லை, எட்டு வருஷம்தான் ஆகியிருந்தது. திருநெல்வேலி சோமயாஜுலு முன்னின்றார். மதுரை, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த தொண்டர்கள் சுத்தியலும் கோடரியுமாகப் பட்டப்பகலில் சிலையை அடித்துவிட்டுக் கைதானார்கள். கடலூர் அஞ்சலையம்மாள் தம் சின்னஞ்சிறு மகளோடு சிறைக்குப் போனார். அந்த ஆண்டு சென்னைக்கு வந்த காந்தி, வன்முறை தலைகாட்டக் கூடாது என்ற நிபந்தனையோடு ஆதரவு தந்தார். சோமயாஜுலு சிறைப்பட்ட பின் இளைஞரான காமராஜ் போராட்டத்தைத் தொடர முன்வந்தார். வெண்கலத்தைச் சுத்தியலால் அடிப்பது அகிம்சையா என்று கேட்டவர்கள் உண்டு. அடித்தவன் ஓடாமல் நின்று தண்டனை வாங்கிக்கொண்டான், எந்த வெள்ளைக்காரன்மேலும் கை வைக்கவில்லை என்பதே போதுமான பதில் என்று நினைக்கிறேன். செத்துப்போன மனிதரோடு அவர்களுக்கு வழக்கில்லை. பொதுச் சாலையில் அரசு நிறுத்திவைத்திருந்த தீர்ப்போடுதான் வழக்கு. சைமன் கமிஷன் எதிர்ப்பு வந்து ஊர்க் கவனத்தை இழுத்துக்கொள்ள, போராட்டம் அடங்கியது. ராஜாஜி அமைச்சரவை 1937-ல் பதவிக்கு வந்த பிறகே சிலையை இறக்கி எழும்பூர் அருங்காட்சியகத்துக்குக் கொண்டு போனார்கள்.

சிலையை எடுத்தால் வரலாறு அழிந்துவிடும் என்ற பேச்சு இப்போது உலகெங்கும் கேட்கிறது. நீல் விஷயத்தில் நடந்தது தலைகீழ். மவுண்ட் ரோட்டில் நின்ற காலமெல்லாம் அந்தச் சிலை சொன்னது பீடத்தில் எழுதிய ஒரு பக்கக் கதையை மட்டும். அதை எதிர்த்து ஆட்கள் சிறைக்குப் போனபோதுதான் காசி, அலகாபாத் தூக்குகள் சென்னைத் தெருப்பேச்சில் வந்தன. உருக்கிப் போடாமல் அருங்காட்சியகத்தில் வைத்தது நல்ல முடிவு. அந்தமானில் நீல் பெயரைத் தாங்கிய தீவுக்கு 2018 டிசம்பரில் ஷஹீத் துவீப் என்று பெயர் மாற்றியதைப் பற்றி அவ்வளவு நிச்சயமாகச் சொல்ல எனக்கு வரவில்லை. அலகாபாத்தில் நீலை எதிர்த்த லியாகத் அலி பிறகு பிடிபட்டு ஆயுள் தண்டனைக் கைதியாகக் கப்பலேறியது அதே அந்தமானுக்குத்தான். பெயர் மாற்றத்தை அறிவித்த மேடையில் அவரையும் நினைத்திருக்கலாம். ஒரு பலகையை மாற்றுவதற்கு நீல் யார், என்ன செய்தார் என்று யாருக்கும் விளக்க வேண்டிய தேவை இல்லை. 1927-ல் மதுரையிலிருந்து வந்த தொண்டன், அதை நீதிமன்றத்தில் சொல்லாமல் சிறைக்குப் போயிருக்க முடியாது.